வயிறு நிறைந்தால் போதுமா?

நம் சங்க மலரில் குழந்தை உணவைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். நம்மில் பெரும்பாலோர் இன்னும் விடுதிச் சோற்றோடு போராடிக்கொண்டிருப்பவர்கள். குழந்தை வளர்ப்பு நமக்கு வெகு தொலைவில் இருப்பதாக எண்ணுகிறவர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் நாம் ஒவ்வொருவரும் யாருக்காவது மாமன். யாருக்காவது சித்தப்பா, சித்தி, அத்தை. பொம்மை வாங்கிக் கொடுத்துக் கொஞ்சிவிட்டு வருவதோடு அந்த உறவின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதைச் சென்ற குளிர்காலத்தில் நான் கற்றுக்கொண்டேன். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் என் தமக்கை குடியிருக்கிறாள். அத்தான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். ஞாயிறு தோறும் அங்கே சென்று சாம்பாரும் ரசமுமாக உண்டுவிட்டு விடுதிக்குத் திரும்புவது என் வழக்கம். அவர்களுடைய ஒரே பெண் குழந்தைக்கு அப்போது வயது ஒன்று, மாதம் எட்டு. பாப்பா என்றே அழைப்போம். உருண்டைக் கன்னம், நல்ல சதைப்பிடிப்பு. “குண்டுப் பாப்பா” என்று நான் கேலி செய்வேன். அக்காளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் பந்து அலமாரிக்குப் பின்னால் உருண்டுவிட்டது. எடுக்கப் போனேன். அங்கே சுவரில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. பாப்பாவின் உதட்டிலும் வெள்ளைத் தூள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சிரித்தாள். “ஏண்டா, நீ மட்டும் என்ன? உன் வயதில் நீயும் மண் தின்றவன்தான்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண், சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றின்மேல் குழந்தைக்கு ஏற்படும் ஆசை இரும்புச் சத்துக் குறையின் அடையாளமாக இருக்கலாம் என்று இரண்டே வாரங்களுக்கு முன் உயிர் வேதியியல் தேர்வில் எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது. பாப்பாவின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. எத்தனை ஞாயிறுகள் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்! ஒரு நாளாவது கண்ணைப் பார்த்தேனில்லை.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் சென்றோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வரம்பின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 100 மில்லி இரத்தத்தில் 10.5 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. “குழந்தை என்ன சாப்பிடுகிறாள்?” என்று மருத்துவர் கேட்டார். “சோறு சரியாக இறங்காது, டாக்டர். ஆனால் பால் நன்றாகக் குடிப்பாள், வயிறு எப்போதும் நிறைந்துதான் இருக்கும்” என்றாள் அக்காள். இரும்புச் சொட்டு மருந்தும், பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு, “மூன்று நாள் அவள் சாப்பிடுவதை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார் மருத்துவர். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எழுதும் முறை

குழந்தையின் உணவு சரிசமமானதா என்று அறிய முதல் வேலை, எழுதுவதுதான். நினைவை நம்பக் கூடாது. தாயின் நினைவில் நிற்பது ஊட்டிய பாடு. உள்ளே போன அளவு அன்று. ஆகவே மூன்று விதிகளை வைத்துக்கொண்டேன்.

முதலாவது, தட்டில் வைத்தது வேறு, வயிற்றில் போனது வேறு. போனதை மட்டுமே எழுத வேண்டும். ஒரு இட்லி வைத்து அரை இட்லி மிஞ்சினால், கணக்கு அரை இட்லிதான்.

இரண்டாவது, இடையிடையே கொடுப்பதையும் விடாமல் எழுத வேண்டும். அழுகையை நிறுத்தக் கொடுத்த பிஸ்கோத்து, அத்தானின் தம்ளரிலிருந்து ஊட்டிய இரண்டு கரண்டி தேநீர், தூங்கவைக்கக் கொடுத்த பால், எல்லாமே உணவுதான்.

மூன்றாவது, ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த வயதுக் குழந்தை இன்று ஒரு கிண்ணம் சோறு தின்னும். நாளை வாயே திறக்காது. மூன்று நாளாவது பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று விடுமுறை நாளாக இருந்தால் நல்லது.

மூன்று நாள் எழுதினேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒரு நாளின் பட்டியல் இது: காலை எழுந்ததும் ஒரு தம்ளர் பால். ஒன்பது மணிக்குச் சர்க்கரை தொட்டு அரை இட்லி. பதினொரு மணிக்கு ஒரு தம்ளர் பால், இரண்டு பிஸ்கோத்து. மதியம் நான்கு வாய் தயிர்சாதம். தூங்கி எழுந்ததும் ஒரு தம்ளர் பால், மறுபடி இரண்டு பிஸ்கோத்து, கொஞ்சம் தேநீர். இரவு பாலில் ஊறிய அரைச் சப்பாத்தி. படுக்கும்போது ஒரு தம்ளர், நள்ளிரவில் அழுதபோது இன்னொரு தம்ளர் பால். தம்ளர் 200 மில்லி பிடிக்கும். ஆக, குடித்த பால் மட்டும் ஒரு லிட்டர்!

எட்டு வகைகள்

பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்டங்களை எண்ணுவதில் பயனில்லை. வகைகளை எண்ண வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓர் எளிய அளவுகோலை வைத்திருக்கின்றன. உணவுகளை எட்டு வகைகளாகப் பிரிக்கிறார்கள்: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, பயறு, கொட்டை, பாலும் பால் பொருள்களும், மீனும் இறைச்சியும், முட்டை, கீரை, காரட், மாம்பழம், பப்பாளி போன்று வைட்டமின் ஏ நிறைந்த காய்கனிகள், ஏனைய காய்கனிகள். ஒரு நாளில் இவற்றில் ஐந்து வகைகளாவது குழந்தையின் வயிற்றில் சேர வேண்டும்.

பாப்பாவின் பட்டியலை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். இட்லியின் அரிசி, சோறு, சப்பாத்தி, பிஸ்கோத்து ஆகிய நான்கும் ஒரே வகை, தானியம். பாலும் தயிரும் ஒரே வகை. “இட்லியில் உளுந்து இருக்கிறதே, தம்பி!” என்று அக்காள் வாதாடினாள். அரை இட்லியின் உளுந்துக்கு அரை மதிப்பெண் போட்டேன். எட்டுக்கு இரண்டரை! என் விடுதி நண்பர்கள் வாங்கும் மதிப்பெண்ணை விடக் குறைவு.

இங்கே சைவ உணவுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. எட்டிலிருந்து மீன் இறைச்சியையும் முட்டையையும் கழித்தால் ஆறு. தாய்ப்பாலை நிறுத்திவிட்டால் ஐந்து. தேவையும் ஐந்து. அதாவது, தாய்ப்பால் மறந்த சைவக் குழந்தைக்கு எஞ்சிய ஐந்து வகைகளும் நாள்தோறும் வந்தாக வேண்டும். ஒன்றைக்கூட விட இடமில்லை. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் பயன் இந்தக் கணக்கிலும் தெரிகிறது. என் தமக்கையின் வீடு சைவ வீடு. பாப்பா ஒரு வயதிலேயே தாய்ப்பாலை மறந்தவள்.

மிகுதியும் குறையும்

வகைகளை எண்ணிய பிறகு அளவுக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியருக்கு வேண்டிய சத்துகளின் அளவை 2020-இல் திருத்தி வெளியிட்டது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரி, சுமார் 12 கிராம் புரதம், 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 8 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும்.

பாப்பா குடித்தது மூன்று விழுக்காடு கொழுப்புள்ள பால். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 600 கலோரி, 30 கிராம் புரதம், 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கின்றன. சர்க்கரையும் பிஸ்கோத்தும் மற்றவையும் சேர, மொத்தக் கலோரி 900-ஐத் தாண்டியது. பசியாறப் போதும். புரதம் தேவையைப் போல் இரண்டரை மடங்கு. சுண்ணாம்புச் சத்தும் இரண்டு மடங்குக்கு மேல். இதுவரை பார்த்தால் பாப்பா செல்வச் சீமாட்டி!

ஆனால் இரும்பு? பாலில் இரும்பு மிக மிகக் குறைவு. தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் அதிகமில்லை. நாள் முழுதும் உண்டதைக் கூட்டினாலும் என் கணக்கில் இரண்டு மில்லிகிராம் அளவே வந்தது. எட்டு வேண்டிய இடத்தில் இரண்டு.

இதிலிருந்துதான் நான் சொல்ல விரும்பும் முக்கியக் கருத்து பிறக்கிறது. ஒரு சத்தின் மிகுதி மற்றொரு சத்தின் குறையை ஈடு செய்யாது. வீட்டு வரவு செலவில் வாடகைக்கு எடுத்து வைத்த பணத்தைத் திருப்பி மளிகைக்குப் போடலாம். உடம்பின் கணக்கில் அந்த வசதி கிடையாது. சுண்ணாம்புச் சத்து எவ்வளவு மிஞ்சினாலும் அதிலிருந்து ஒரு துளி இரத்தத்துக்கு வேண்டிய இரும்பு உண்டாகாது. மிஞ்சிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும் சிறிது இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்பதே உண்மை.

குழந்தை பிறக்கும்போதே ஓரளவு இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அது ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத் தாங்கும். அதன் பிறகு உணவுதான் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பாலே உணவாகிவிட்டால், சேமிப்புக் கரைந்த வீட்டைப் போல் உடம்பு தள்ளாடத் தொடங்குகிறது. மூளை விரைந்து வளரும் பருவம் அது. அப்போது இரும்புக் குறை நீடித்தால் கற்கும் திறனும் சுறுசுறுப்பும் பாதிக்கப்படக்கூடும். ஆகவே இது அலட்சியமாக விடக்கூடிய குறையன்று.

பாலைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி வரை பால் நல்ல உணவே. அதற்கு மேல் போனால் அது மற்ற உணவுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் வயிறு சிறியது. அதில் இடம் விலை மதிப்புள்ளது.

இந்த நிலை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். முதல் ஆண்டில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. மூன்று கிலோ ஒன்பதாகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு அல்லது இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் இயல்பாகவே குறைகிறது. தாய் அஞ்சுகிறாள். ‘சோறுதான் இறங்கவில்லை, பாலாவது இறங்கட்டும்’ என்று கொடுக்கிறாள். பால் வயிற்றை நிறைப்பதால் அடுத்த வேளையும் சோறு இறங்குவதில்லை. மறுபடியும் பால். இந்தச் சுழலில் குற்றவாளி யாருமில்லை; இருப்பது ஒரு தாயின் கவலை மட்டுமே.

துணையும் தடையும்

தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேர்வதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பே எளிதில் சேர்கிறது. ஆனால் தாவர இரும்புக்கும் துணை செய்வன உண்டு. வைட்டமின் சி அவற்றுள் முதன்மையானது. பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, உணவுக்குப் பின் இரண்டு துண்டு கொய்யா, கொஞ்சம் ஆரஞ்சு, இவை போதும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியனவும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைடேட் என்னும் பொருளைக் குறைக்கின்றன. நம் வீட்டு இட்லி மாவு இரவெல்லாம் புளிப்பதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

தடை செய்வன எவை? தேநீரும் காப்பியும் முதலிடம் பெறும். தேநீரில் பிஸ்கோத்தைத் தோய்த்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தை டில்லியில் பல வீடுகளில் காணலாம். அத்தானின் அன்பான இரண்டு கரண்டியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

தராசு காட்டாதது

“எடை சரியாகத்தானே இருந்தது?” என்று அத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். சரியாகவே இருந்தது. பாப்பாவின் எடை 10.8 கிலோ. இருபது மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 10.6 கிலோ. இந்த வளர்ச்சி அளவுகளை வகுக்க 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளக்கப்பட்டவர்கள் நம் தெற்கு டில்லிக் குழந்தைகளே. 2006-இல் அவை வெளிவந்தன. அங்கன்வாடியில் தரும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் அந்த வளைகோடுகளைக் காணலாம். மாதந்தோறும் எடையைக் குறித்துக்கொண்டே வந்தால், கோடு மேலேறுகிறதா, தட்டையாகிறதா என்பது தெரியும். இன்றியமையாத சோதனை அது.

ஆனால் தராசு கலோரிக் குறையைக் காட்டுமேயன்றி இரும்புக் குறையைக் காட்டாது. ஆகவே எடையோடு கண்ணிமை, உள்ளங்கை, நகம் ஆகியவற்றின் நிறத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை ஓடியாடி விளையாடுகிறதா, எந்நேரமும் சோர்ந்து சிணுங்குகிறதா, மண்ணும் சுவரும் தேடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐயம் வந்தால் இரத்தப் பரிசோதனை ஒன்றே முடிவு சொல்லும்.

இது என் தமக்கை வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் நூற்றுக்கு 11 பேரே. வறுமை ஒரு பெருங்காரணம். ஆனால் மாதச் சம்பளமும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டிலும் அது நுழையும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

பாப்பாவின் புதிய தட்டு

மருத்துவரின் சொற்படி பால் இரண்டு தம்ளராகக் குறைந்தது. அதுவும் சாப்பாட்டுக்குப் பின்புதான். நள்ளிரவுப் பால் நின்றது. காலையில் இட்லியோடு சர்க்கரைக்குப் பதில் பருப்பு மிகுந்த சாம்பார். பிறகு கொய்யாவோ ஆரஞ்சோ. மதியம் பருப்பு சாதம், நெய், கீரை மசியல், எலுமிச்சைச் சாறு. டில்லிக் குளிர்காலத்தில் கீரைக்கா பஞ்சம்? பாலக்கும் வெந்தயக் கீரையும் வண்டி வண்டியாக வருகின்றன. மாலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது நன்றாக வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை. முழுக் கடலை, நிலக்கடலை போன்றவற்றை இந்த வயதில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். இரவு சப்பாத்தியும் மசித்த ராஜ்மாவும், சிவப்புக் காரட்டும். மூன்று வேளை உணவு, இடையில் இருமுறை சிற்றுண்டி, ஐந்து வகை. அசைவ வீடாக இருந்தால் முட்டையும், முள் நீக்கிய மீனும், ஈரலும் இந்த வேலையை இன்னும் எளிதாக்கியிருக்கும்.

எழுதுவது எளிது, ஊட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் வாரம் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டாள். இரவில் பாலுக்கு அழுதாள். அம்மா என்மேல் சீறினாள். “பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலை நிறுத்தச் சொல்கிற படிப்பு என்னடா படிப்பு?” என்றாள். அக்காளும் இருமுறை கண்கலங்கினாள். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் உரிமை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வற்புறுத்தவில்லை. மறுத்ததை இரண்டு நாள் கழித்து மறுபடி வைத்தோம். பத்தாம் நாள் பாப்பா தானாகவே பருப்பு சாதத்தில் கை வைத்தாள். அம்மாதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

மூன்றாம் வாரத்தில் சுவரைச் சுரண்டுவது நின்றது. இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.9. அவ்வளவு விரைவாக ஏறியது பெரும்பாலும் மருந்தினால்தான். உணவு ஒன்றினால் மட்டும் அன்று. ஆனால் மருந்து நின்றபின் அந்த அளவைக் காப்பது உணவின் வேலை. எண் சரியானதும் மருந்தை நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்பும்வரை மருத்துவர் சொன்ன காலம் முழுதும் கொடுத்தோம். 2018-இல் தொடங்கிய இரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்பு மருந்து தருவதற்கு ஏற்பாடு உண்டு. அதை நாங்கள் முன்பே கேட்டறிந்திருக்கலாம்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். உறவினர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவீர்கள். அப்போது “குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறதா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாத் தாயும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். “நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டது?” என்று கேளுங்கள். விரல்விட்டு வகைகளை எண்ணுங்கள். எத்தனை தம்ளர் பால் என்று கேளுங்கள். பேச்சுக்கிடையே கீழ் இமையை ஒருமுறை பாருங்கள். குற்றம் சாட்டும் குரலில் மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தாய் ஏற்கெனவே கவலையில்தான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுதிய மூன்று நாள் பட்டியல் இன்னும் அக்காளின் சமையலறையில் ஆணியில் தொங்குகிறது. சென்ற ஞாயிறு போனபோது பார்த்தேன். அதன் கீழே அக்காளின் கையெழுத்தில் புதிய பட்டியல் ஒன்று இருந்தது. வகைகளை அவளே எண்ணி, ஓரத்தில் “5” என்று போட்டிருந்தாள்.